பதினான்காம் நம்பர் அறை: எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவு

நிலவேம்புப் பொடி வாங்கத்தான் போனேன். அரை மணி நேரத்தில் பையன் கையில் ஊசி ஏறி, குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவு எனக்கு அறிமுகமானது இப்படித்தான். அது 2024 ஐப்பசியில். அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன். தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் "அந்த சித்தா டாக்டர் எப்படிக்கா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஊர் பேர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். அங்கே இருப்பது ஒரே ஒரு சித்தா டாக்டர், ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். வீட்டுக்காரர் திருப்பூரில். பெரியவன் இப்போது ஒன்றாம் வகுப்பு, சின்னவளுக்கு மூன்றரை வயது. அப்புறம் அத்தை. அத்தை இந்தக் கதையில் முக்கியமான ஆள்.

இடத்தைக் கண்டுபிடிப்பதே முதல் சோதனை. பிரசவ வார்டைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, கடைசி வராந்தாவில் 14ஆம் நம்பர் அறை. வெயிலில் வெளுத்த போர்டில் 'மருத்துவப் பிரிவு' மட்டும்தான் தெரியும். ஆனால் வராந்தாவில் திரும்பியதுமே சுக்கும் திப்பிலியும் கலந்த வாசம் வரும், அதைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். உள்ளே ஒரு மேசை, அலமாரி நிறைய வெள்ளை டப்பாக்கள். தாளிசாதி, ஏலாதி, அமுக்கரா என்று எழுதி ஒட்டியிருக்கும். ஓ.பி. சீட்டு எல்லோருக்கும் ஒரே கவுண்டரில்தான், காசு கிடையாது. பக்கத்து 13ஆம் நம்பர்தான் குழந்தைகள் ஓ.பி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தச் சுவரைப் பற்றித்தான் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, டெங்கு கதைக்கு வருகிறேன்.

ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. திங்கள் ராத்திரி பெரியவனுக்கு 102 காய்ச்சல். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் நிலவேம்பு, அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012இல் டெங்கு பரவியபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் கொடுக்கச் சொன்னது. அப்போது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் டிரம்மில் வைத்து டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. ஒரு ஸ்பூன் பொடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, கால் டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டணும். வீட்டில் நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம் ஒன்று இருந்தது. செவ்வாயும் புதனும் இரண்டு வேளை கொடுத்தேன். கூடவே மெடிக்கலில் வாங்கிய பாராசிட்டமால் சிரப். ஒவ்வொரு வேளையும் ஒரு யுத்தம். அத்தை காலைப் பிடிக்க, நான் பாலாடையில் ஊற்ற, உடனே வாயில் ஒரு துண்டு கருப்பட்டி.

புதன் ராத்திரி வாந்தி எடுத்தான். வியாழன் காலையில் மறுபடி இரண்டு தடவை. கசப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? காலையில் உடம்பைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சலே இல்லை, ஜில்லென்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பொடி தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சும்மாவே தருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். இவனை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பொடி டப்பாவைத் திறந்துவிட்டு, திரும்பி அவனைப் பார்த்தார்.

"பொடிதானே, தர்றேன். பையன் ஏன் இப்படித் தொங்குறான்?"

"காய்ச்சல் விட்டிருச்சு டாக்டரம்மா. அந்த அசதிதான்."

எழுந்து வந்து அவன் பாதத்தைத் தொட்டார். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு, கையை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளுத்த நகம் சிவப்பதற்கு நேரம் ஆனதை நானும் பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை. வயிற்றில் வலது பக்கம் லேசாக அமுக்கினார், பையன் அவர் கையைத் தட்டிவிட்டான்.

"வாந்தி எத்தனை தடவை?"

"மூணு. கசப்புத் தாங்க மாட்டேங்கிறான்."

"கசாயம் குடிச்ச உடனேயா, இல்ல ரொம்ப நேரம் கழிச்சா?"

யோசித்தேன். சொல்ல வரவில்லை.

"கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போனான்?"

அதுவும் தெரியவில்லை. டப்பாவை மூடினார். பையனை என் தோளிலிருந்து அவரே வாங்கிக்கொண்டு 13ஆம் நம்பருக்குள் நடந்தார். வரிசையில் நின்றவர்களிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்றதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். டெங்கு என்.எஸ்.1 பாசிட்டிவ். தட்டணுக்கள் 62,000. குழந்தை டாக்டர் அதைவிட இன்னொரு எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதற்கான எண் அது, 44 என்று இருந்தது. இந்த வயதுக்கு 36, 37 இருந்தால் போதுமாம். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது, மிச்சம் இருப்பது கெட்டியாகிறது. அது நடப்பது காய்ச்சல் அடிக்கும்போது இல்லை, பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில். நான் சந்தோஷப்பட்ட அதே வியாழக்கிழமை காலையில். விடாத வாந்தி, வயிற்று வலி, துவண்டு போவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், இதில் ஒன்று இருந்தாலே உடனே தூக்கிக்கொண்டு வரணும் என்றார்.

நான்கு நாள் வார்டில் இருந்தோம். இரண்டாம் நாள் டாக்டரம்மா பார்க்க வந்தார். கசாயம் மறுபடி எப்போது கொடுக்கலாம் என்று கேட்டேன். "இப்ப வேண்டாம்மா" என்றார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னார். எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

"கசப்பு மருந்துல இந்த ஒரு தொல்லை இருக்கு. டெங்குல வாந்திங்கிறது அபாயச் சங்கு. நீங்க கசாயத்தைக் கொடுத்துட்டு, அவன் வாந்தி எடுத்தா கசாயத்து மேல பழியைப் போட்டுருவீங்க. சங்கு ஊதுறது காதுல விழாது. அதனால காய்ச்சல் பிள்ளை ஒரு தடவை வாந்தி எடுத்தாலே முதல்ல நிறுத்துறது என் மருந்தைத்தான். அப்புறமும் வாந்தி வந்தா அது நோயோட வாந்தி, உடனே கிளம்பணும்."

நிலவேம்பு நல்லது என்று சொல்கிறவர்களும் பார்த்திருக்கிறேன், ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்களும் பார்த்திருக்கிறேன். அது கெடுதல் செய்யாவிட்டாலும்கூட நம் கண்ணை மறைக்கலாம் என்று சொன்னவர், அதையே கொடுக்கிற டாக்டர் ஒருவர்தான்.

அதே வார்டில் ஒரு அம்மா பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொண்டுவந்து பிள்ளைக்குப் புகட்டப் பார்த்தார். குழந்தை டாக்டர் கோபப்படவில்லை. "நோய் இறங்குற நாள்ல தட்டணு தானா ஏறும். சாறு கொடுத்திருந்தா சாறுக்குப் பேரு, கொடுக்காட்டி எனக்குப் பேரு" என்று சிரித்தார். வாந்தி எடுக்கிற வயிற்றுக்குள் அது வேண்டாம், கஞ்சித் தண்ணி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் இதெல்லாம் வாய் வழியாகப் போகட்டும் என்றார். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து தன்னிடமும் கிடையாது, பக்கத்து ரூமிலும் கிடையாது, தண்ணீர்ச் சத்தைக் கணக்காகக் கொடுத்துக் காவல் இருப்பதுதான் வைத்தியம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அந்த வார்டில்தான் என் நோட்டு பிறந்தது. எத்தனை மில்லி குடித்தான், எப்போது ஒண்ணுக்குப் போனான் என்று சிஸ்டர் மணிக்கு மணி கேட்பார், நான் முழிப்பேன். மறுநாள் அத்தையிடம் சொல்லி என் அளவு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். முன்பக்கம் ஊரிலுள்ள பெண்களின் தோள், மார்பு, கை நீளம். பின்பக்கத்திலிருந்து பிள்ளைகளின் காய்ச்சல். தேதி, மணி, எவ்வளவு டிகிரி, என்ன மருந்து எத்தனை மில்லி, இங்கிலீஷ் மருந்தா கசாயமா, வாந்தி, ஒண்ணுக்கு. இப்போது இரண்டு ரூமிலும் உட்கார்ந்ததும் "நோட்டு எங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு 14ஆம் நம்பரிலிருந்து கிடைத்தது நிலவேம்பு இல்லை. பஞ்ச தீபாக்கினி சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம். நாக்கு செத்துப்போய்ச் சோற்றைப் பார்த்தாலே ஓடினான். ஒரு சிட்டிகை தேனில் குழைத்துக் கொடுத்ததை ஏலக்காய் வாசத்துக்காகவே நக்கினான். நான்காம் நாள் ரசம் சாதம் கேட்டான். சூரணத்தால்தானா, தானாகவே பசி வந்திருக்குமா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அடுத்தது அம்மை.

2025 பங்குனி. ஊரே கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம் பார்த்துப் பையன் முதுகில் நான்கு முத்து. சாயங்காலத்துக்குள் நெஞ்சு, முகம், தலைமுடிக்குள் எல்லாம் வந்துவிட்டது. அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். "அம்மா வந்திருக்கா. ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது" என்றார். காய்ச்சல் மருந்துகூட வேண்டாமாம், ஆத்தா கோபிப்பாளாம். அத்தையோடு சண்டை போட்டு நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ராத்திரி பையன் சொறிந்துகொண்டே அழுதான். விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. "இங்கிலீஷ் வைத்தியம் வேண்டாம் அத்தை, சித்தா டாக்டர்கிட்ட போவோம். அது நம்ம வைத்தியம்தானே" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா எங்களை மற்ற பிள்ளைகளோடு உட்காரவைக்காமல் பின்பக்க வாசலில் நிற்கச் சொல்லி அங்கேயே வந்து பார்த்தார். கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வருகிற இடம் அது, சின்னம்மை காற்றிலேயே பரவும். என்னைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை, அத்தையிடம்தான் பேச்செல்லாம். பாட்டி என்று கூப்பிடாமல் 'அம்மா' என்றே கூப்பிட்டார்.

"தனியாப் படுக்க வச்சீங்களா? ரொம்ப நல்லது. முத்தெல்லாம் காய்ஞ்சு பொருக்கு ஆகுற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். வேப்பிலையால தடவிக் கொடுக்கிறீங்களா? அதுவும் நல்லது, நகத்தால சொறிய மாட்டான். இளநீர், நுங்கு, கூழு, எல்லாம் கொடுங்க." அத்தை முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் வரிசையாக வந்தது. குளிப்பாட்டாமலே விட்டுவிடக் கூடாது, வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தினமும் உடம்பை ஒற்றி எடுக்கணும், இல்லாவிட்டால் சொறிந்த இடத்தில் சீழ் வைக்கும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது உடையாத முத்துக்கு மேல் சரி, உடைந்த புண்ணில் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டணும். கடைசியாக, "காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தா ஆத்தா கோபிக்க மாட்டாம்மா. பிள்ளை துடிக்கிறதைப் பார்த்துட்டு இருந்தாத்தான் கோபிப்பா" என்றார். அத்தை என்னைப் பார்த்து, "சரி, அந்த மருந்தை வாங்கு" என்றார். இருபது நிமிஷத்தில் முடிந்த வேலை. நான் இருபது வருஷம் பேசியிருந்தாலும் நடந்திருக்காது.

மருந்தை எழுதியது 13ஆம் நம்பர் டாக்டர். பையன் எடை 17 கிலோ. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கிற பாராசிட்டமால் சிரப், ஒரு வேளைக்கு 5 மில்லி, இரண்டு வேளைக்கு நடுவில் 6 மணி நேரமாவது இடைவெளி. இதில் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று. மெடிக்கலில் 'காய்ச்சல் மருந்து' என்று கேட்டால் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் சேர்ந்த சிரப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சின்னம்மையில் இபுபுரூஃபன் வேண்டாம், தோலில் கிருமி ஏறிப் பெரிதாகும் ஆபத்து உண்டு. டெங்குவிலும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்த வைரஸ் காய்ச்சலிலும் கூடவே கூடாது. நான் இப்போது பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.

சின்னவள்? அவளுக்கு அம்மைத் தடுப்பூசி போடவில்லை. அரசாங்கம் இலவசமாகப் போடும் பட்டியலில் சின்னம்மை ஊசி இல்லை, தனியாரில்தான் போடணும். அவளுக்கு வராமல் இருக்க ஏதாவது சூரணம் உண்டா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. மூணு நாளைக்குள்ள ஊசி போட்டுருங்க, இன்னிக்கே போனா இன்னும் நல்லது" என்று நேராகச் சொன்னார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது, இரண்டு வாரத் தையல் கூலி. பதினாறாம் நாள் அவளுக்கும் அம்மை போட்டது, ஆனால் எண்ணிப் பன்னிரண்டே முத்து, காய்ச்சல் இல்லை. மூன்றாம் தண்ணி ஊற்றும்போது அத்தை எல்லாப் புகழையும் ஆத்தாளுக்கே கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது, இருமல். இது சின்னக் கதை, ஆனால் அடிக்கடி வருவது இதுதான். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்த செய்தி வந்ததே, அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைகால் என்கிற விஷம் கலந்திருந்தது. அன்றைக்கு ராத்திரியே எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த சிரப் பாட்டில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். மறு வாரமே சின்னவளுக்குச் சளி.

13ஆம் நம்பரில் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, மூச்சு எண்ணிப் பார்த்துவிட்டு, வைரஸ் சளிதான், ஆன்டிபயாடிக் தேவையில்லை, மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு போதும் என்றார். பொதுவாகவே ஐந்து வயதுக்குக் கீழே இருமல் சிரப் வேண்டாம் என்பதுதான் இப்போதைய அறிவுரை என்றும் சொன்னார். "ராத்திரி முழுக்க இருமுறா சார்" என்றேன். சுவரைக் காட்டி, "அங்க ஆடாதோடை மணப்பாகு கேட்டுப் பாருங்க" என்றார். பிறகு, "நாங்க எழுதுற ப்ரோம்ஹெக்சின் சளி மருந்துகூட அந்த ஆடாதோடையில இருக்கிற சத்தை வச்சு உருவாக்கினதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் தெருமுனையில் ஆடு மாடு தொடாமல் நிற்கிற செடிக்கு இப்படி ஒரு சொந்தக்காரன் மெடிக்கலில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த ரூமில் போய், "இதுவும் சிரப்தானே டாக்டரம்மா, இதுல அந்த விஷம் இருக்காதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அப்புறம் தோன்றியது. அவர் கோபப்படவில்லை. மணப்பாகு என்றால் இலைச் சாறோ கசாயமோ சர்க்கரையோடு சேர்த்துக் காய்ச்சிய பாகு, அந்த விஷம் கலந்துவரக்கூடிய, மருந்தைக் கரைக்கிற திரவத்துக்கெல்லாம் அதில் வேலையில்லை என்றார். ஆனாலும் பேர் தெரியாத பாட்டிலை வாங்காதீர்கள், உரிம எண், தொகுதி எண், தேதி மூன்றும் இருக்கா என்று பாருங்கள் என்றார். அங்கே வருவது அரசாங்கக் கம்பெனியான டாம்ப்கால் மருந்து. அலமாரியில் இருந்த பெரிய பாட்டிலை எடுத்து லேபிளையும் காட்டினார். இருமல் ஐந்தாறு நாளில் அடங்கியது. மணப்பாகு கொடுத்த ராத்திரிகளில் தூங்கினாள் என்பது வரை நோட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். என் தங்கச்சி எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்தபோது, சளிக்குத் துளசிச் சாறும் தேனும் கொடுக்கலாமா, வசம்பை உரசி நாக்கில் தடவலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட ஆகாது, அதில் நரம்பை முடக்கும் கிருமி விதை இருக்கலாம் என்றார். வசம்பும் வேண்டாம், பச்சையாகப் போனால் வாந்தியில் கொண்டுபோய் விடும் என்றார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடு, விலா உள்ளே இழுக்க மூச்சு வாங்கினால் உடனே 13க்கு வா என்று அனுப்பிவிட்டார். தங்கச்சிக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை.

இனிக் குறைகள். நிறையவே இருக்கின்றன.

செவ்வாயும் வியாழனும் டாக்டரம்மா வேறொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுகிறார். பையனுக்கு டெங்கு என்று கண்டுபிடித்தது ஒரு வியாழக்கிழமை. அந்த வாரம் ஏதோ காரணத்தால் மாறி வந்திருக்கிறார், இல்லாவிட்டால் அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற அண்ணாச்சியிடம் நான் பொடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. டாக்டர் இல்லாத நாளில் காய்ச்சல் பிள்ளைக்குப் பொடி கிடையாது, நேராக 13க்குப் போ என்று ஒரு போர்டு வைத்தால் என்ன செலவு?

அண்ணாச்சி நல்ல மனுஷன், ஆனால் சூரணத்தைப் பேப்பரில் மடித்துத் தருவார், மேலே ஒன்றும் எழுத மாட்டார். எல்லாச் சூரணமும் ஒரே காக்கி நிறம். ஒரு தடவை தாளிசாதி என்று நினைத்துப் பஞ்ச தீபாக்கினியை சின்னவளுக்குக் கொடுத்துவிட்டேன். மிளகு ஏறி அவள் தும்மிய தும்மலுக்கு பூனை ஓடிப்போனது. சிரித்தோம்தான், ஆனால் அளவு கூடிய வேறு மருந்தாக இருந்திருந்தால்? இப்போது வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் போட்டு வெட்டுத் துணி கட்டிவிடுகிறேன். சிவப்பு இருமலுக்கு, பச்சை பசிக்கு. மழைக்காலத்தில் பாதி நாள் மணப்பாகு ஸ்டாக் இருக்காது. நிலவேம்புப் பொடியும் டெங்கு வருகிற மாதத்தில்தான் தீர்ந்துபோகும்.

சுவரில் 2020இல் ஒட்டிய கபசுரக் குடிநீர் நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, சாதாரண மூக்கொழுகலுக்குக்கூட "பதினஞ்சு சரக்கு சேர்ந்த மருந்து, எதிர்ப்பு சக்தி" என்று பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டரம்மா முகம் சுளிக்கிறார், ஆனால் நோட்டீஸைக் கிழிக்கவில்லை. கேட்டால் மேலிடத்து நோட்டீஸ் என்கிறார்.

பெரிய குறை அந்தச் சுவர். இரண்டு டாக்டர்களும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் ஒரு ரூமில் எழுதுவது இன்னொரு ரூமில் இருக்காது. இரண்டு ரூமுக்கும் இருக்கிற ஒரே பொதுவான ரிக்கார்டு என் அளவு நோட்டுதான். நோட்டு இல்லாத அம்மாக்கள் இங்கே ஒரு மருந்து, அங்கே ஒரு மருந்து என்று வாங்கிக்கொண்டு, ஒன்றை இன்னொருவரிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். திட்டு விழும் என்று பயம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் நானே சொல்லிப் பார்த்தேன்: சொல்லுக்கா, ஒண்ணும் திட்ட மாட்டாங்க. அவள் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மதிப்பெண் கேட்டால் டாக்டரம்மாவுக்கு ஐந்துக்கு ஐந்து, பிரிவுக்கு மூன்று.

போகிறவர்களுக்கு: திங்கள், புதன், வெள்ளி, சனி காலையில் போங்கள், பத்து மணிக்குமேல் கூட்டம். மணப்பாகுக்கு வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டில் கொண்டுபோங்கள், கூல்டிரிங்ஸ் பாட்டிலை நீட்டினால் அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிடுவார். பிள்ளையின் எடை தெரிந்துகொண்டு போங்கள். தெரியாவிட்டால் பிரசவ வார்டு வாசலில் மெஷின் இருக்கிறது. நிலவேம்பு வாங்கினால் காய்ச்சிய மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், மிச்சத்தை ராத்திரிக்கு வைக்காதீர்கள். கொடுத்த நேரத்தை எழுதுங்கள், வாந்தி எடுத்தால் அந்த நேரத்தையும். பாத்திரத்தை உடனே கழுவிவிடுங்கள். நான் ஒருநாள் மறந்துவிட்டு அதே சட்டியில் பால் காய்ச்சினேன், வீட்டில் யாரும் காபி குடிக்கவில்லை.